மலரில் விட்டுப்போன பதினொரு பேர்

1

நாங்கள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து இந்த வருடத்தோடு இருபத்தைந்து வருடம் ஆகிறது. சிவகாசியில் அதே பெண்கள் பள்ளிக்கூடத்தின் ஹாலில் எல்லோரும் கூடுவதென்று முடிவாகியிருக்கிறது. கூடுவதோடு விட்டார்களா? ஒரு மலரும் போடுகிறார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் எதையாவது அச்சடிக்காமல் கலைய மாட்டார்கள்.

மலருக்குப் பொறுப்பு முத்துலட்சுமி. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து இடம் அவளுடையது. இப்போது கணவரோடு சேர்ந்து அச்சகம் நடத்துகிறாள். போன வாரம் கூப்பிட்டாள்.

“ஏட்டி தங்கமாரி, நம்ம செட்டுல நீ ஒருத்திதான் கனடாவுல இருக்கே. ரெண்டு பக்கம் எழுதித் தா. பனி, காரு, வீடு எல்லாம் வரணும். காவ்யா இங்கிலீஷ் நாடகத்துக்கு லைட் போடுதாள்ல, அதைக் கட்டாயம் எழுது. எம் மவளுக்கு வாசிச்சுக் காட்டணும்.”

“சரி” என்றேன்.

என் மகள் காவ்யா எந்த நாடகத்துக்கும் லைட் போடவில்லை. முத்துலட்சுமி கேட்டபோதே அது எனக்குத் தெரியும். தெரிந்தும் போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். இரண்டு பக்கத்தைத் தாண்டினால் முத்துலட்சுமி வெட்டிக்கொள்ளட்டும், ஆனால் கடைசிப் பகுதியை மட்டும் வெட்ட வேண்டாம்.

2

ரெஜைனா என்பது நாங்கள் இருக்கும் ஊர். கனடாவின் நடுவில் இருக்கிறது. நிலம் சிவகாசியைவிடத் தட்டை. வந்து பத்து வருடம் ஆகிறது. என் வீட்டுக்காரர் வடக்கே எண்ணெய் எடுக்கும் இடத்தில் வேலை பார்க்கிறார். இருபது நாள் அங்கே, எட்டு நாள் வீட்டில். அந்த எட்டில் இரண்டு நாள் பயணத்தில் போய்விடும், இரண்டு நாள் தூங்குவார். ஆகவே வீடு என்றால் நானும் மகளும்தான்.

நான் வந்த வருடத்திலிருந்தே ஒரு பெரிய பலசரக்குக் கடையில், ரொட்டியும் கேக்கும் செய்கிற பகுதியில் இருக்கிறேன். காலை ஆறு மணிக்குப் போய் இரண்டு மணிக்குத் திரும்புவேன். கேக்கின் மேல் பெயர் எழுதுவது என் வேலை. கையெழுத்து நன்றாக இருக்கும் என்று கொடுத்தார்கள். இந்த ஊரில் பாதிப் பேருக்கு நான் பிறந்தநாள் வாழ்த்து எழுதியிருப்பேன். அவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்று, எழுத்துச் சரியா என்று பார்த்துவிட்டு, தேங்க்யூ சொல்லி வாங்கிப் போவார்கள்.

இரண்டு மணிக்கு மேல்தான் கஷ்டம். வீட்டுக்கு வந்து சாவியை வைத்தால் அந்தச் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கும். டிவியைப் போட்டுவிட்டுச் சமைப்பேன். ஓடுவது என்ன நிகழ்ச்சி என்று தெரியாது, ஆள் பேசுகிற சத்தம் வேண்டும், அவ்வளவுதான். காவ்யா நாலு மணிக்கு வருவாள். செவ்வாயும் வியாழனும் நாடகக் குழு என்பதால் ஐந்தரை ஆகும். அவள் பூட்ஸைக் கழற்றுகிற சத்தம் கேட்டால்தான் எனக்கு அன்றைய நாள் தொடங்கும்.

சாப்பிடும்போது அன்றைக்கு நடந்ததைச் சொல்வாள். தோழி எமிலி என்ன சொன்னாள், கொரியாக்காரப் பெண் ஹானா மத்தியானச் சாப்பாட்டில் என்ன கொண்டு வந்தாள், நாடகத்தில் எந்தக் காட்சிக்கு நீல விளக்கு. பள்ளிக்கூடத்துக்கு இரவு உடுப்போடு போகிற நாள் என்று ஒன்று இங்கே உண்டு. செப்டம்பர் முடிவில் எல்லோரும் ஆரஞ்சுச் சட்டை போடுகிற நாள், பேய் வேஷம் கட்டுகிற நாள், ஆசிரியர்களும் மாணவர்களும் பனியில் கயிறு இழுக்கிற நாள் என்று மாதத்துக்கு ஒன்றாக வரும். எல்லாவற்றையும் சொல்வாள். அவளுடைய தமிழ் ஏழு வயதில் விமானம் ஏறியதோடு நின்றுவிட்டது. அதனால் பதினேழு வயதுச் சமாச்சாரங்களைச் சின்னப் பிள்ளைத் தமிழில் கேட்பது எனக்குத் தனிச் சந்தோஷம்.

இங்கே நாங்கள் சாப்பிட்டு முடிக்கிற நேரம், அங்கே நீங்கள் பிள்ளைகளுக்கு டிபன் கட்டுகிற நேரம். காவ்யா பாத்திரம் கழுவுவாள், நான் சோபாவில் உட்கார்ந்து போனில் நம் வகுப்புத் தோழிகள் குழுவுக்குக் குரல் செய்தி அனுப்புவேன். “ஏட்டி, இதைக் கேளுங்கட்டி, இன்னைக்கு இவ ராத்திரி டிரஸ்ஸோட பள்ளிக்கூடம் போயிட்டு வாரா!” என்று தொடங்கி, அவள் சொன்னதில் கொஞ்சம் உப்புக் காரம் சேர்த்துச் சொல்வேன். நீங்கள் சிரித்து எழுதுவீர்கள், நானும் சிரிப்பேன். உண்மையைச் சொன்னால், ஒரு நாளில் நான் வாய்விட்டுப் பேசுகிற பத்து நிமிடம் அதுதான். என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருக்காது. மகளைப் பற்றி நிறைய இருந்தது.

3

நம்முடைய பள்ளிக்கூட வருடம் எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மலரை வாசிக்கப்போகும் உங்கள் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

ஜூன் மாதம் அது வேஸ்ட் ஷீட்டோடு தொடங்கும். அடுத்த வருடக் காலண்டரின் மாதிரிகள் ஆடிப்பெருக்கன்று வெளியாக வேண்டும் என்பதால், நாங்கள் புது வகுப்புக்குப் போகும்போதே அச்சகங்களில் புது வருடம் ஓடிக்கொண்டிருக்கும். நிறம் தப்பிய தாள்களை வீட்டுக்கு வீடு கொண்டுவந்து நோட்டுக்கு அட்டை போடுவோம். சாமி படத்தில் அட்டை போடக் கூடாது, பையைக் காலில் இடறுவீர்கள் என்று டீச்சர் பிடுங்கிவிடுவார். ஆகவே அருவி, குழந்தை, ரோஜாப்பூ. வேறு ஊர்ப் பிள்ளைகள் இந்த வருடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் கணக்கு நோட்டின் முதுகில் அடுத்த வருடத்துப் பிப்ரவரி இருக்கும்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி கோயிலுக்கு நடந்து போனவர்கள் திங்கட்கிழமை நொண்டிக்கொண்டு வருவார்கள். உடற்பயிற்சி டீச்சர் அன்றைக்கு மட்டும் யாரையும் ஓடச் சொல்ல மாட்டார். தீபாவளிக்கு முந்தின இரண்டு மாதம் பெற்றோர் கூட்டமே கிடையாது. சீசன். பாதி வகுப்பின் அம்மாக்கள் பட்டாசுக் கம்பெனியில் இருப்பார்கள். தீபாவளி முடிந்த மறுவாரம்தான் கூட்டம். சரவெடி சுற்றிய அம்மாக்கள், மத்தாப்புக்கு மருந்து முக்கிய அம்மாக்கள் எல்லோரும் வந்து, விரல் ஓரத்தில் இன்னும் போகாத வெள்ளிப் பூச்சோடு மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போடுவார்கள்.

ஜனவரியில் விளையாட்டுப் போட்டி, பிறகு ஆண்டு விழா. அதன் பிறகுதான் ஆண்டு மலர். காலண்டர் வேலை முடிந்து மெஷின் சும்மா நிற்கிற காலத்தில் எங்கள் அப்பா அதை அடித்துக் கொடுப்பார். அப்பாவுக்கு ஒற்றை மெஷின் வைத்த சின்ன பிரஸ். பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் தமிழ் டீச்சரோடு பிரஸுக்கு வந்து புரூஃப் பார்க்க வேண்டும் என்பது வழக்கம். எங்கள் வருடத்தில் நானும் முத்துலட்சுமியும்.

குழுப் படங்களில்தான் அப்பாவுக்குப் பயம். அதற்கு முன்பு ஒரு வருடம் கோகோ அணிப் படத்தில் ஒரு பிள்ளையின் பெயர் விட்டுப்போய், அந்தப் பிள்ளையின் அம்மா மலரைக் கையில் வைத்துக்கொண்டு பிரஸ் வாசலில் நின்றுவிட்டாராம். திட்டக்கூட இல்லை. “எம் பிள்ள இதுல இருக்காளா இல்லையா அண்ணாச்சி?” என்று மட்டும் கேட்டாராம். அதிலிருந்து அப்பா ஒரு முறை வைத்திருந்தார்.

“ஒரு வெரல் தலையில, ஒரு வெரல் பேருல. தலைய எண்ணு, பேர எண்ணு. ரெண்டும் ஒண்ணா வந்தாத்தான் மெஷின ஓட விடுவேன்” என்பார்.

டீச்சருக்கு அதற்கும் மேலே ஒரு முறை. அட்டெண்டன்ஸ் நோட்டைக் கொண்டுவந்து, படத்தில் இருக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயருக்கு நேரே டிக் போடச் சொல்வார். வகுப்புப் படம் கணக்கில் சேராது. அது தவிர ஒரு படமாவது இருக்க வேண்டும். ஓட்டப் பந்தயமும் இல்லை, பாட்டும் இல்லை, பரிசும் இல்லை என்று டிக் விழாமல் நிற்கிற பிள்ளைகளை மறுநாள் பள்ளிக்கூடத்துத் தோட்டத்தில் பிடிப்பார். “ஏ பேச்சி, இங்கன வா. இந்தப் பூவாளியப் பிடி. அந்தச் செடிக்கு ஊத்து.” அதை ஒரு படம். மலரில் ‘தோட்டப் பணியில் நம் மாணவியர்’ என்று வந்துவிடும். ஏன் கூப்பிட்டார் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. தண்ணீர் ஊற்றச் சொன்னார், ஊற்றினார்கள்.

எங்களுக்குத் தெரியும். பட்டியல் எங்கள் கையில் இருந்ததே. ‘பூவாளி செட்டு’ என்று பெயர் வைத்து நானும் முத்துலட்சுமியும் பிரஸில் தாள் கட்டின் மேல் உட்கார்ந்து சிரித்தோம். அந்த வருடம் ஏழு பேர். பேச்சியம்மா ஒருத்தி பெயர்தான் நினைவிருக்கிறது. நம் குழுவில் அவள் இல்லை. அவள் எண் யாரிடமாவது இருக்கிறதா என்று இந்தக் குறிப்பை எழுதத் தொடங்கியபோது கேட்டுப் பார்த்தேன். யாரிடமும் இல்லை.

4

இங்கேயும் ஆண்டு மலர் உண்டு. கெட்டி அட்டை போட்டு, கல்யாண ஆல்பம் கனத்தில் இருக்கும். ஜனவரி மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து எல்லாப் பெற்றோருக்கும் ஒரு கடிதம் வந்தது: மலரின் புரூஃப் பார்க்க, பெயர்களைச் சரிபார்க்க, தன்னார்வலர்கள் தேவை.

பத்து வருடத்தில் இந்த நாட்டில் எனக்குத் தெரிந்த ஒரு வேலையை யாரோ கேட்டது அதுதான் முதல் தடவை. கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். காவ்யாவிடம் சொன்னேன். அவள் முகம் மாறியது. “எதுக்கும்மா? உனக்கு வேலை இருக்குல்ல” என்றாள். இங்கிலீஷ் தெரியாத அம்மா வந்து நிற்பது வெட்கமாக இருக்கும் போல என்று நினைத்தேன். வலித்தது. ஆனாலும் போவதென்று முடிவு செய்தேன்.

பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு வருகிறவர்களுக்குப் போலீஸ் சான்று வேண்டும். அதற்கு ஒரு படிவம். அதில் ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டம் உண்டு. நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட் எடுத்த காலத்தில் அப்பா பெயரை அங்கே போட்டுவிட்டார்கள். அதனால் இந்த ஊரில் பல் டாக்டர், வங்கி, கடை மேனேஜர் எல்லோருக்கும் நான் மிஸஸ் சங்கரபாண்டியன். ஊரில் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவருக்கும் வாய் வராது, எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. இங்கே அவருடைய பெயரை மூன்று துண்டாக உடைத்து என்னைக் கூப்பிடுகிறார்கள். காவ்யாவுக்கு அவள் அப்பா பெயர் குடும்பப் பெயர். அவள் அப்பாவுக்கு அவருடைய அப்பா பெயர். மூன்று பேர் வீட்டில் மூன்று குடும்பம்.

“இந்த மாணவி உங்களுக்கு என்ன உறவு?” என்று போலீஸ் அலுவலகத்துப் பெண் கேட்டார். மகள் என்றேன். பெயர் பொருந்தவில்லையே என்றார். திருமணச் சான்று, பிறப்புச் சான்று, இரண்டுக்கும் மொழிபெயர்ப்பு, பத்து விரல் ரேகை எல்லாம் கொடுத்தேன். ஐந்து வாரம் கழித்து நான் குற்றம் எதுவும் செய்யவில்லை என்று கடிதம் வந்தது. அதை ஃபைலில் பத்திரமாக வைத்திருக்கிறேன். என்னைப் பற்றி இந்த நாடு எழுத்தில் சொன்ன ஒரே நல்ல வார்த்தை.

5

மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை, வேலை முடிந்து பள்ளிக்கூட நூலகத்துக்குப் போனேன். என்னோடு இன்னும் இரண்டு அம்மாக்கள். மலருக்குப் பொறுப்பான ஆசிரியை மிஸஸ் கெல்லர், என் வயதுதான் இருப்பார், எப்போதும் ஒரு பென்சிலைக் கொண்டைக்குள் செருகியிருப்பார். விளையாட்டுக் குழுக்கள், மன்றங்கள் இருக்கிற பக்கங்களையும், படிப்பு முடித்து வெளியேறும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலையும் எனக்குக் கொடுத்தார்.

தாள் வாசனை வந்ததும் எனக்குக் கை தானாக வேலை செய்தது. ஒரு விரல் தலையில், ஒரு விரல் பெயரில். கைப்பந்து அணியில் பன்னிரண்டு தலை, பதினொரு பெயர். இசைக்குழுவில் ஒரே பெயர் இரண்டு முறை. அரை மணி நேரத்தில் நாலு தப்பைக் கண்டுபிடித்துச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டேன். மிஸஸ் கெல்லர் அசந்துபோனார். “இதை எங்கே கற்றீர்கள்?” என்று கேட்டார். அப்பாவின் பிரஸ், சிவகாசி, காலண்டர் என்று சொன்னேன். அவ்வளவு இங்கிலீஷை நான் ஒரே மூச்சில் பேசியதே கிடையாது. இரண்டு அம்மாக்களும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அடுத்த பக்கம் நாடகக் குழு.

இருபத்துமூன்று தலை, இருபத்துமூன்று பெயர். கணக்குச் சரி. ஆனால் அதில் காவ்யா இல்லை. படம் எடுத்த அன்றைக்குக் காய்ச்சலில் இருந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். கீழே தனியாக ஒரு வரியில் ஒளி அமைப்பு என்று போட்டு இரண்டு பெயர். அதிலும் அவள் இல்லை.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இரண்டு வருடமாகச் செவ்வாயும் வியாழனும் ஐந்தரை மணி வரைக்கும் நின்று லைட் போடுகிற பிள்ளையின் பெயரை விட்டுவிட்டார்களே என்று பெரிய வட்டமாகப் போட்டுத் தாளை எடுத்துக்கொண்டு போனேன். “இங்கே ஒரு பெயர் விட்டுப்போயிருக்கிறது. லைட் போடுகிற பெண். காவ்யா” என்றேன்.

மிஸஸ் கெல்லர் பக்கத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவள் என் மகள் என்று அவருக்கு அப்போது தெரிந்திருக்காது. பெயர்தான் பொருந்தாதே. “காவ்யா போன வருடம் முதல் கூட்டத்துக்கு வந்தாள் என்று நினைக்கிறேன்” என்றார். “அதற்குப் பிறகு வரவில்லை.” ரொம்ப மென்மையாகச் சொன்னார்.

“ஸாரி, என் தப்பு” என்று சொல்லித் தாளை வாங்கிக்கொண்டு வந்து வட்டத்தை அழித்தேன். சிவப்புப் பென்சில் லேசில் அழியாது. ரோஸ் நிறமாகப் பரவி நின்றது.

பிறகு யாரும் என்னைச் செய்யச் சொல்லாத வேலையைச் செய்தேன். பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு படமாகப் பார்த்து டிக் போட்டேன். பேய் வேஷக் கூட்டம், இரவு உடுப்புக் கூட்டம், கயிறு இழுத்த கூட்டம். இரவு உடுப்பு நாளில் அவளை என் கண்ணால் அந்த உடுப்போடு அனுப்பினேனே, ஓரத்தில் எங்கேயாவது தோள் தெரியுமா என்று தாளைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தேன். எமிலி பதினாலு படத்தில் இருந்தாள். ஹானா ஆறு படத்தில் இருந்தாள். எல்லோரும் அவரவர் தோழிகளின் கழுத்தில் கை போட்டிருந்தார்கள். கடைசியில் வரிசையாக ஆளுக்கொன்றாகப் போட்டிருக்கும் முகப்படத்தைத் தவிர வேறெங்கும் படமில்லாதவர்கள் பதினொரு பேர். அதில் ஆறாவது பெயர் என் மகளுடையது.

6

வீட்டுக்கு வந்து அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் வியாழன். ஐந்தரைக்கு வந்தாள். இரண்டாம் காட்சிக்கு மஞ்சள் விளக்கை மாற்றிப் பார்த்ததாகச் சொன்னாள். நான் சாம்பார் ஊற்றினேன். அன்றைக்கும் உங்களுக்குக் குரல் செய்தி போட்டேன், மஞ்சள் விளக்குப் பற்றி. அது பொய் என்று தெரிந்தே சொன்ன முதல் செய்தி. ஒரு வித்தியாசமும் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

அடுத்த புதன்கிழமை மிஸஸ் கெல்லரிடம் பதினொரு பேர் பட்டியலைக் கொடுத்தேன். எங்கள் பள்ளிக்கூடத்துத் தோட்டத்தையும் பூவாளியையும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். சிரித்ததைச் சொல்லவில்லை. அவர் நெஞ்சில் கையை வைத்து, “எவ்வளவு அழகான வழக்கம்!” என்றார். மலரில் அரைப் பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது, செய்துவிடலாம் என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. மகளிடம் எதையும் கேட்க வேண்டாம், எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியவும் வேண்டாம், மலரிலும் அவள் வந்துவிடுவாள். உண்மையைக் கேட்கத் துணிச்சல் இல்லாதவள் கண்டுபிடித்த வழி அது. அப்போது அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன்.

ஒன்றை மறந்துவிட்டேன். நம் டீச்சர் ‘இங்கன வா’ என்று ஒரு சத்தம் கொடுத்தார், காரணம் சொல்லவில்லை. இந்த நாட்டில் காரணம் சொல்லாமல், சம்மதம் வாங்காமல் யாரையும் படம் எடுக்க முடியாது. பதினொரு பேருக்கும் ஒரே மின்னஞ்சல் போனது. எல்லார் பெயரும் மேலே வரிசையாக இருந்தது. ‘இந்த ஆண்டின் எந்தப் படத்திலும் நீங்கள் இல்லை என்பதை ஒரு பெற்றோர் அன்போடு கவனித்திருக்கிறார்’ என்று தொடங்கி, விருப்பமுள்ளவர்கள் வெள்ளிக்கிழமை மத்தியானம் நூலகத்துக்கு வரலாம் என்று முடிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை ஒருவரும் போகவில்லை. அந்த அரைப் பக்கத்தில் பள்ளிக்கூடக் கட்டடத்தின் படம் போட்டார்கள்.

7

மின்னஞ்சல் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு அவள் ஐந்தரைக்கு வரவில்லை, மூன்றே முக்காலுக்கே வந்துவிட்டாள். பூட்ஸைக் கழற்றாமல், பனி ஒட்டிய காலோடு அடுக்களைக்குள் வந்து போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“அம்மா, இது நீயா?”

நான் வாசிக்கிற மாதிரி நேரம் கடத்தினேன்.

“நீதான். பேரன்ட்னு போட்டிருக்கு. உன்னைத் தவிர வேற யாரு இப்படி எண்ணுவா?”

அதற்குப் பிறகு இங்கிலீஷில் பேசினாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் போதாது. வேகமாகப் பேசினாள், எனக்குப் பாதிதான் புரிந்தது. ‘லிஸ்ட்’ என்ற வார்த்தை மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. மூச்சு வாங்கி நின்றபோது தமிழுக்கு வந்தாள்.

“நாங்க பதினொரு பேரும் யாருன்னு இதுவரைக்கும் எங்களுக்கே தெரியாதும்மா. அவங்கவங்க தனியா இருந்தோம். இப்ப எல்லாருக்கும் தெரியும்.”

நான் அழக் கூடாது என்று நினைத்து, கோபப்பட்டேன். “நீ ஏன் பொய் சொன்னே? ரெண்டு வருசமா லைட்டு லைட்டுன்னு சொன்னியே. எமிலின்னு ஒருத்தி இருக்காளா இல்லையா?”

“எமிலி இருக்கா. எனக்குத்தான் ஃப்ரெண்ட் இல்ல. ஒன்பதாப்புல ரெண்டு மாசம் பக்கத்துல உக்காந்தா.”

“அப்ப செவ்வாயும் வியாழனும் எங்கன போனே?”

“பஸ்ல.”

“எங்கன?”

“எங்கயும் இல்ல. அது ஏர்போர்ட் வரைக்கும் போகும், திரும்பி வரும். கடைசி சீட்டுல உக்காந்திருப்பேன். ஒரு டிரைவருக்கு என்னைத் தெரியும், குட்மார்னிங் சொல்வாரு, சாயங்காலத்துலயும் குட்மார்னிங்தான் சொல்வாரு.” அதைச் சொல்லும்போது அவளுக்கே லேசாகச் சிரிப்பு வந்து, உடனே உதடு கோணியது.

நாற்காலியில் உட்கார்ந்தேன். வெளியே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது என்று இருந்த நாட்களில், மகள் தோழிகளோடு சூடான மேடையில் நின்று விளக்கை மாற்றுகிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் இங்கே ரசம் வைத்துக் காத்திருந்திருக்கிறேன். நான்தான் தனியாக இருக்கிறேன், அவளாவது நன்றாக இருக்கிறாளே என்று அந்த நேரத்தில் என்னை நானே தேற்றிக்கொள்வேன்.

“ஏன்டா சொல்லல? எங்கிட்ட வந்து சொல்லிருந்தா என்ன?”

அவள் தரையைப் பார்த்தாள். பனி உருகி அவள் காலைச் சுற்றித் தண்ணீர் நின்றது.

“நான் ஒண்ணு சொன்னா, நீ போன்ல ஊர் அத்தைமார்ட்ட அதைச் சொல்லுவேல்ல. அப்ப நீ சத்தமாச் சிரிப்பேம்மா. மத்த நேரம் நீ சிரிக்கவே மாட்டே.” பூட்ஸ் நுனியால் தண்ணீரைத் தேய்த்தாள். “தினம் ஒண்ணு வேணும்ல. அதான் பஸ்ல உக்காந்து யோசிப்பேன்.”

தோழிகளே, நீங்கள் டிபன் கட்டிக்கொண்டே கேட்டுச் சிரித்த கதைகள் இவைதான். அவற்றில் ஒன்றுகூட அவள் சொன்னபடி நடந்ததில்லை. ஒரு பிள்ளை, தன் அம்மா சிரிக்க வேண்டும் என்று, ஏர்போர்ட் போகிற பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து உண்டாக்கியது. எனக்கு இதைப் போனில் சொல்லத் தெரியவில்லை.

அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். நானே குனிந்து பூட்ஸைக் கழற்றினேன். விடவில்லை முதலில், பிறகு விட்டாள். கடைசியில், மலரைப் பார்த்ததிலிருந்து கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன்.

“மத்தியானம் எங்கன சாப்பிடுவே?”

“மாடிப்படிக்கு அடியில. அங்கன ஹீட்டர் இருக்கு. சூடா இருக்கும்.”

தலையை ஆட்டினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“நீ?”

இந்தக் கேள்வியை அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. கடையில் சாப்பாட்டு அறை இருக்கிறது. மேஜை, நாற்காலி, சூடு பண்ணுகிற பெட்டி எல்லாம் இருக்கிறது. கூட வேலை பார்க்கிறவர்கள் நல்லவர்கள்தான். சேர்ந்த முதல் வாரம் ஒரு பெண் சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. ஸாரி என்றேன், திரும்பக் கேட்டார், ஸாரி என்றேன், மூன்றாவது தடவை அவர் பரவாயில்லை என்று கையை ஆட்டிவிட்டார்.

“கார்லதான்” என்றேன். “எஞ்சினை ஓட விட்டுக்கிட்டு.”

“எம்புட்டு நாளா?”

“பத்து வருசமா” என்றேன்.